கிச்சன் வேலை முடியுற வரைக்கும் அதே வீட்டுல குடியிருக்கிறது எப்படி

"ஒரே மாசம் மேடம், பளபளன்னு முடிச்சுக் குடுத்துடறேன்." கிச்சன் வேலைக்கு எந்த காண்ட்ராக்டரைக் கூப்பிட்டாலும் முதல்ல இதத்தான் சொல்வாரு. அவரு வேணும்னே பொய் சொல்றாருன்னு நான் சொல்லல, அவர் கணக்குல ஆள் வந்து வேலை செய்யற நாள் மட்டும்தான் இருக்கும், ஆள் வராத நாளும் காயவிடற நாளும் அதுல சேராது, நாம குடியிருக்கப் போறதோ அந்த ரெண்டாவது வகை நாள்லதான் அதிகம். பழைய வீட்டுல மேடைய இடிச்சு, பைப்பு வயரு மாத்தி, டைல்ஸ் ஒட்டி, கிரானைட் போட்டு, கப்போர்டு அடிச்சு, பெயிண்ட்டும் முடியணும்னா மூணு மாசம்னு மனசுல போட்டுக்கோங்க. ரெண்டரைல முடிஞ்சா லாபம்.

எங்க வீடு தாம்பரம் பக்கம், அப்பார்ட்மென்ட் இல்ல, தனி வீடு, பழசு. நடுவுல மழையும் தீபாவளியும் வந்துச்சு. வேற வீடு பாத்துப் போகலாம்னா வாடகை, அட்வான்ஸ், பசங்க ஸ்கூல், அத்தையோட மாத்திரை டப்பா வரைக்கும் எல்லாத்தையும் தூக்கணும், அதனால உள்ளயே இருந்து ஓட்டினோம். பாதி வீட்டுல இதுதான நடக்குது.

எதுக்குப் பொறுக்கணும், எதுக்கு போன் அடிக்கணும்

பாக்குறவங்க எல்லாம் பொறுமையா இரு பொறுமையா இருன்னுதான் சொல்வாங்க. எல்லாத்துக்கும் பொறுமையா இருந்தா வேலை ஆறு மாசம் போகும், எல்லாத்துக்கும் கத்தினா அரைகுறையா முடிச்சுட்டு ஓடிடுவாங்க. முதல்ல இதுல ரெண்டு வகை இருக்குன்னு பிரிச்சுக்கணும்.

ஒண்ணு, பொருள் காயற நேரம். சிமெண்ட் பூச்சுக்கு 7 நாளாவது காலையும் சாயங்காலமும் தண்ணி அடிச்சு கியூரிங் பண்ணணும். புதுசா கான்கிரீட்ல பரண் போட்டா அதத் தாங்கற சென்ட்ரிங் பலகையப் பிரிக்கவே குறைஞ்சது ஒரு வாரம். டைல்ஸ் ஒட்டின தரைல 24 மணி நேரம் யாரும் கால் வைக்கக் கூடாது, அதுக்கப்புறம்தான் இடுக்குல கிரவுட், அது காய இன்னொரு நாள். புதுப் பூச்சுல ஈரம் முழுசா வெளிய வந்த பிறகுதான் பட்டி பாக்கணும் (பெயிண்ட்டுக்கு முன்னாடி சுவர வழவழப்பாக்கற பூச்சு), அதுக்கு மூணு நாலு வாரம் ஆகும், ஐப்பசி கார்த்திகை மழையில இன்னும் இழுக்கும், அவசரப்பட்டு மேல பட்டி, பிரைமர், பெயிண்ட்டுனு அடிச்சுத் தள்ளினா அடுத்த வருஷம் சுவரு உப்புப் பூத்து பொரிப்பொரியா உதிரும். மாடுலர் கம்பெனில ஆர்டர் குடுத்தா அளவெடுத்த நாள்ல இருந்து ஒன்றரை மாசம்கிறது சாதாரணம். இந்த நாள்ல வேலை ஆளுங்க ஒருத்தரும் வீட்டுல இருக்க மாட்டாங்க, ஆனா வேலை நடந்துக்கிட்டுதான் இருக்கு, இத யாராலயும் சுருக்க முடியாது.

இன்னொண்ணு, ஆளுக்கு ஆள் காத்திருக்கிறது. பிளம்பர் வராததால சுவர மூட முடியல, சுவரு மூடாததால டைல்ஸ்காரர் வேற சைட்டுக்குப் போயிட்டாரு, டைல்ஸ் ஒட்டாததால ஆசாரி அளவெடுக்க முடியல. இதுல ஒண்ணுமே காயல, சும்மா நாள் போகுது. இதுக்குதான் விடாம போன் அடிக்கணும், வீட்டுக்காரரை அனுப்பணும், தேவைப்பட்டா முகத்தையும் கொஞ்சம் மாத்திக்கணும்.

எனக்கு உதவினது ஒரு மாசக் காலண்டர். காயற நாளுக்கெல்லாம் பச்சைப் பேனால ஒரு கோடு, ஆளு வரவேண்டியும் வராத நாளுக்கு சிவப்புப் பேனால அந்த ஆளோட பேரப் போட்டு, மேஸ்திரி உள்ள வரும்போதே கண்ணுல படற மாதிரி மாட்டிடுங்க. "என்னக்கா இது எங்க பேரு மட்டும் சிவப்பா இருக்கு"ன்னு அவரே கேப்பாரு. சண்டை போடறத விட இது நல்லாவே வேலை செய்யுது.

எப்ப ஆரம்பிக்கிறதுங்கிறதுலயே பாதி இருக்கு. டைல்ஸ், கிரானைட், மர வேலைக்கு வர்ற பசங்க நிறைய பேரு பீகார், ராஜஸ்தான், உ.பி., ஒடிசாவுல இருந்து வந்தவங்க. தீபாவளிக்கு ஊருக்குப் போனா பீகார் ஆளுங்க அதுக்கு ஆறாவது நாள் வர்ற சட் பூஜையும் முடிச்சுட்டுதான் டிக்கெட் எடுப்பாங்க, ஹோலிக்கு ஒரு கூட்டம் கிளம்பும், அவங்க ஊர்ல எலெக்‌ஷன்னா இன்னொரு கூட்டம். நம்ம ஆளுங்க பொங்கலுக்கு ஒரு வாரம் காணாமப் போவாங்க. ஆடில புது வேலை ஆரம்பிக்க வீட்டுப் பெரியவங்க விட மாட்டாங்க, ஆனா சிம்னி, அடுப்பு, சிங்க் எல்லாம் ஆடித் தள்ளுபடில வாங்கி வெச்சுக்கலாம். என்னைக் கேட்டா தை பொறந்து பொங்கல் லீவு முடிஞ்ச கையோட இடிக்க ஆரம்பிக்கிறதுதான் பெஸ்ட், வெயில்ல பூச்சு சீக்கிரம் காயும், சித்திரைக்குள்ள முடிச்சுடலாம். பரீட்சை எழுதற பசங்க வீட்டுல இருந்தா மட்டும் யோசிங்க.

இடிக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு கிச்சன்

இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. "ஒரு மாசம்தான, ஹால் ஓரமா ஒரு இண்டக்‌ஷன் வெச்சு ஓட்டிடலாம்"னு நினைச்சா மூணாவது வாரமே வீட்டுல எல்லாருக்கும் எல்லார் மேலயும் கோவம் வரும். தற்காலிகம்னு நினைக்காம நிஜமாவே ஒரு சின்ன கிச்சன் கட்டுங்க, உயரத்துக்கு ஒரு டேபிள், தண்ணிக்கு ஒரு வழி, கழுவ ஒரு வழி, சாமான் வைக்க ஒரு ஷெல்ஃபு, குப்பைக்கு ரெண்டு டப்பா. பின்கட்டு, வாஷிங் மெஷின் இருக்கிற இடம், கார் ஷெட், பெரிய பால்கனி, இதுல எது பாத்ரூம் குழாய்க்குக் கிட்ட இருக்கோ அத எடுங்க. காத்து எப்படி வருதுன்னு பாத்துக்கோங்க, இடிக்கிற தூசி நேரா அங்க வந்து விழக்கூடாது.

கேஸா இண்டக்‌ஷனாங்கிறதுல நான் ரெண்டும்தான்னு சொல்வேன். இண்டக்‌ஷன் 2000 வாட்ஸ் இழுக்கும், 6 ஆம்பியர் சின்ன பிளக்குல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு மாட்டினா பிளக்கு சூடாகி உருகிடும், அதனால 16 ஆம்பியர் பவர் பிளக்குல மட்டும்தான் போடணும், இல்லேன்னா எலக்ட்ரீஷியன் வர்ற முதல் நாளே அந்த இடத்துல ஒரு தனி லைன் இழுக்கச் சொல்லிடுங்க. ஃபுல் பவர்ல அரைமணி நேரம் ஓடினா ஒரு யூனிட், கரண்ட் பில்லு ஸ்லாப் ஏறும், அத முன்னாடியே பட்ஜெட்ல போட்டுக்கோங்க. அடியில காந்தம் ஒட்டுற பாத்திரம்தான் அதுல சூடாகும், அலுமினிய இட்லிக் குண்டானும் கல்சட்டியும் வெச்சா அது பாட்டுக்கு பீப் பீப்னு கத்தும். அதனால பாத்திரத்தை மூட்டை கட்டும்போது ஒரு காந்தத்தக் கையில வெச்சுக்கிட்டு ஒட்டுறது தனி, ஒட்டாதது தனின்னு பிரிச்சுட்டா பின்னாடி தேட வேண்டியதில்ல.

கேஸ் வைக்கிறதா இருந்தா சிலிண்டர் நிமிர்ந்துதான் நிக்கணும், அடுப்பு அதவிட உயரத்துல டேபிள் மேல இருக்கணும், தரையில அடுப்ப வெச்சு சமைக்கிற வேலையே வேண்டாம். கேஸ் காத்த விட கனம், கசிஞ்சா கீழதான் தேங்கும், அதனால பள்ளத்துலயும், காத்தே வராத ரூம்லயும், படுக்கிற ரூம்லயும் சிலிண்டர் வைக்காதீங்க. ஹோஸ் மேல தேதி போட்டிருக்கும், பழசா இருந்தா எடத்த மாத்தும்போதே அதையும் மாத்திடுங்க. மெஷின்ல கல்லு அறுக்கும்போது தீப்பொறி பறக்கும், வெல்டிங் வேலை இருந்தா கேக்கவே வேண்டாம், அந்த நேரத்துல சிலிண்டர் வீட்டுக்கு அந்தப் பக்கமா இருக்கட்டும். வாடை வந்தா ரெகுலேட்டரை மூடிட்டு சுவிட்ச் எதையும் தொடாம ஜன்னலத் திறந்துட்டு வெளிய வந்து 1906க்கு அடிங்க, அந்த நம்பரை டேபிளுக்கு மேல எழுதி ஒட்டிடுங்க.

மூட்டை கட்டறதுக்கும் ஒரு முறை இருக்கு. தினம் வேணுங்கிறது ஒரு கூடை: ஒரு குக்கர், ஒரு கடாய், ஒரு தோசைக்கல்லு, பால் பாத்திரம், டவரா டம்ளர், காபி ஃபில்டர், அஞ்சறைப் பெட்டி, ஒரு கத்தி, ஆளுக்கு ஒரு தட்டு. வாரத்துக்கு ஒருமுறை வேணுங்கிறது இன்னொரு பெட்டி. மத்தது எல்லாம் அட்டைப்பெட்டில போட்டு, பேப்பர் சுத்தி, என்ன இருக்குன்னு பெட்டியோட பக்கவாட்டுல எழுதி, கட்டிலுக்கு அடியில. மேல எழுதினா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினதும் ஒண்ணும் தெரியாது. இருக்கிற சாமான்ல பாதி பத்து வருஷமா கையே படாததுன்னு அப்பதான் தெரியும், அத புதுக் கிச்சனுக்குள்ள திரும்ப ஏத்தாதீங்க, எவர்சில்வர் கடையில எடைக்குப் போடுங்க.

சாமி அலமாரி கிச்சனுக்குள்ள இருந்தா அத முதல்ல நகத்தணும், கடைசில இல்ல. சாமி எங்க போறதுன்னு முடிவாகாம வீட்டுப் பெரியவங்க ஒரு செங்கல்ல கூட எடுக்க விட மாட்டாங்க. வாஸ்து பாக்கிறவரையும் இடிக்கிறதுக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்துடுங்க, பைப்பு போட்டு மூடின பிறகு யாராவது ஒரு பெரியப்பா வந்து நின்னு "அடுப்பு அக்னி மூலைல இல்லையே, தண்ணி ஈசானியத்துல வரணுமே"ன்னு ஆரம்பிச்சா ஒரு வாரம் போச்சு.

என்ன சாப்பிடறது

முதல் வாரம் ஹோட்டல் ஜாலியா இருக்கும். ரெண்டாவது வாரம் வயிறு கேட்காது, மூணாவது வாரம் பர்ஸு கேட்காது. அதனால இடிக்கிறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, நல்ல கிச்சன் கையில இருக்கும்போதே, கெடாததா செஞ்சு வெச்சுக்கோங்க: தக்காளித் தொக்கு, புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு கொஞ்சம் கெட்டியா, இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, ஒரு பாட்டில் இஞ்சி பூண்டு விழுது. நல்லெண்ணெய் தாராளமா விட்டு சுருள வதக்கினா தொக்கு ஃப்ரிட்ஜ்ல வாரக்கணக்குல நிக்கும். சாதம் மட்டும் வடிச்சா அன்னைக்கு சாப்பாடு முடிஞ்சது.

மத்த நாளைக்கு ஒரே குக்கர்ல முடியறதா பாருங்க. வெண்பொங்கல், கோயம்புத்தூர் பக்கம் செய்யற அரிசிம்பருப்பு சாதம், சாம்பார் சாதம், தக்காளி சாதம், ரவா கிச்சடி. மாவு அரைக்கிறத விட்டுடுங்க, கிரைண்டரைத் தூக்கி வெச்சு கழுவறதுக்கே ஒரு பக்கெட் தண்ணி வேணும். கடை மாவு வாங்கறது அத்தைக்குப் பிடிக்கல, "புளிப்பே ஒரு மாதிரி இருக்கு"ன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னாங்க, சொல்லிக்கிட்டே நாலு தோசை சாப்பிட்டாங்க. 

சமைக்கிறத விட பெரிய தலைவலி கழுவறதுதான். சிங்க் இல்லாம பாத்ரூம் தரையில உக்காந்து பாத்திரம் தேய்ச்சா முதுகு போயிடும், பாத்ரூம் டிரெய்ன்ல சோத்துப்பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் போய் அடைச்சுக்கிட்டா அதுக்கு வேற பிளம்பர். எச்சியெல்லாம் முதல்ல குப்பைல வழிச்சுப் போட்டுட்டு, எண்ணெய்ப் பாத்திரத்தைப் பழைய நியூஸ்பேப்பரால துடைச்சுட்டு, டிரெய்ன் வாயில ஒரு சல்லடை ஜாலிய வெச்சுட்டு அப்புறமா கழுவுங்க. வாரத்துல ரெண்டு மூணு நாள் தையல் இலையோ வாழை இலையோ போட்டுடுங்க. இடம் இருந்தா பழைய சிங்க்கை உடைக்காம கழட்டி எடுக்கச் சொல்லி, பின்னாடி குழாய்க்குக் கீழ ரெண்டு பக்கமும் ஹாலோ பிளாக் கல்லு அடுக்கி அது மேல உக்கார வெச்சு, ஒரு ஃப்ளெக்ஸிபிள் ஹோஸ வாய்க்கால் பக்கம் விட்டா நின்னுக்கிட்டே கழுவலாம். பிளம்பருக்கு அரைமணி நேர வேலை, மூணு மாசத்துக்கு முதுகு பிழைச்சது.

தூசி

தூசி வராம தடுக்க முடியாது, வர்ற வழியக் குறைக்கத்தான் முடியும். கிச்சனுக்கு கதவு இல்லாத வீடுதான் இப்ப அதிகம், அந்த வாசலுக்கு கனமான பிளாஸ்டிக் ஷீட்ட மேல இருந்து தரை வரைக்கும் ரீப்பர் அடிச்சு மாட்டுங்க, நடுவுல ஆள் போக ஒரு கீறல், அதுக்கு மேல இன்னொரு ஷீட்டு தொங்கணும். மத்த ரூம் கதவுக்கடியில ஈரத்துணிய சுருட்டி வைங்க. கிச்சன் ஜன்னல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தா இடிக்கும்போது அதக் கழட்டாம ஓட விடுங்க, தூசி வெளியப் போகட்டும். இடிக்கிற அன்னைக்கு ஹால்ல ஃபேன் போடாதீங்க, போட்டீங்கன்னா சோஃபா, டிவி, சாமி படம் எல்லாத்துலயும் பவுடர் அடிச்ச மாதிரி ஆயிடும்.

டைல்ஸும் கிரானைட்டும் அறுக்கும்போது வர்ற அந்த மெல்லிசுத் தூசி சாதாரண தூசி இல்ல, அதுல சிலிகா இருக்கு, நுரையீரலுக்குக் கெடுதல். அறுக்கிறத வீட்டுக்குள்ள விடாதீங்க, வெளிய வாசல்லயோ மாடியிலயோ தண்ணி ஊத்திக்கிட்டே அறுக்கச் சொல்லுங்க. அறுக்கிற பையன் துண்ட மூஞ்சில கட்டிக்கிட்டு உக்காந்திருப்பான், அவனுக்கு நல்ல மாஸ்க் ஒண்ணு வாங்கிக் குடுங்க, பெரிய காசில்ல. வீட்டுல வீசிங் இருக்கிறவங்க, கைக்குழந்தை இருந்தா இடிக்கிற ரெண்டு மூணு நாளும், டைல்ஸ் அறுக்கிற நாளும் மட்டும் சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க, மூணு மாசமும் அனுப்ப வேண்டியதில்ல.

இடிச்ச கட்டட சாமானை "சார் நான் பாத்துக்கறேன்"னு சொல்லி ராத்திரியோட ராத்திரியா ஏரிக்கரையில கொட்டற ஆளுங்க இருக்காங்க, வேண்டாம். ரோட்டுல போட்டாலும் அபராதம் நம்ம வீட்டுக்குதான் வரும். சென்னைல பெருங்குடியிலயும் கொடுங்கையூர்லயும் கட்டடக் கழிவு பதப்படுத்தற இடம் இருக்கு, எங்க ஒப்படைக்கணும்னு வார்டு ஆபீஸ்ல கேட்டு, வண்டிக்கூலிய காண்ட்ராக்ட்லயே எழுதிக்கோங்க.

சுவரு திறந்திருக்கும்போது

இந்த மொத்த வேலையிலயும் முக்கியமான நாளு டைல்ஸ் ஒட்டற நாளோ பெயிண்ட் அடிக்கிற நாளோ இல்ல, சுவர்ல காடி (பள்ளம்) வெட்டி தண்ணி பைப்பும் வயர் பைப்பும் போட்டு இன்னும் மூடாம இருக்கிற அந்த ஒண்ணு ரெண்டு நாளு. அன்னைக்கு லீவு போடுங்க. ஸ்கெட்ச் பேனாவ எடுத்துக்கிட்டு சுவர்லயே எழுதுங்க, மிக்ஸி இங்க, கிரைண்டர் இங்க, ஃப்ரிட்ஜ், ஓவன், வாட்டர் ஃபில்டர், சிம்னி, தரையில இருந்து இவ்வளவு இன்ச்சுனு. வெளி மாநிலத்துப் பையன் வந்து நின்னாலும் படம் போட்டிருந்தா புரிஞ்சுடும், நம்ம அரைகுறை ஹிந்தி தேவையில்ல. மேடைக்கு மேல எத்தன பிளக்கு வேணும்னு எலக்ட்ரீஷியன் சொல்றாரோ அதுக்கு மேல ரெண்டு சேத்துக்கோங்க, பின்னாடி ஒரு பிளக்கு வைக்க டைல்ஸ உடைக்கணும். பவர் பிளக்குக்கு 2.5 ஸ்கொயர் எம்எம்முக்குக் குறைஞ்சு வயரு விட்டா ஒத்துக்காதீங்க.

பிளம்பர்கிட்ட ரெண்டே விஷயம். கிச்சனுக்குத் தனியா ஒரு வால்வு, வேலை நடக்கும்போது கிச்சனை மட்டும் மூடிட்டு பாத்ரூமுக்குத் தண்ணி வரணும், இது இல்லாம மொத்த வீட்டுக்கும் மேல டேங்க்க மூடிட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு "நாளைக்கு வந்து ஜாயின்ட் போடறேன்"னு கிளம்பிடுவாங்க. ரெண்டாவது, பைப்பு வாயெல்லாம் அடைச்சு தண்ணிய நிரப்பி பிரஷர் குடுத்து ஒரு ராத்திரி விட்டுட்டு காலைல ஈரம் கசியுதான்னு பாத்த பிறகுதான் சுவர மூடணும். இந்த ஒரு ராத்திரி பச்சைப் பேனா ராத்திரி, இதுக்குப் பொறுங்க. மூடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவரையும் பக்கத்துல ஒரு அளவு டேப்ப நீட்டிப் பிடிச்சுக்கிட்டு போன்ல போட்டோ எடுத்துடுங்க, நாளைக்கு ஷெல்ஃபு மாட்ட டிரில் போடும்போது பைப்ப ஓட்டை போடாம இருக்க அந்தப் போட்டோதான் காப்பாத்தும்.

வாங்க வேண்டியத முன்னாடியே வாங்கிடுங்க

வேலை நிக்கறதுக்குப் பாதிக் காரணம் நாமதான்னு சொன்னா கோவப்படாதீங்க. டைல்ஸ் எந்தக் கலருனு வீட்டுக்குள்ள முடிவாகல, சிங்க் ஒண்ணா ரெண்டு தொட்டியானு முடிவாகல, ஆள் வந்து நிக்கறான். சிங்க்கும் ஹாபும் (கல்லுக்குள்ள பதிக்கிற அடுப்பு) கையில வந்த பிறகுதான் கிரானைட்ல ஓட்டை வெட்ட முடியும், படத்துல இருக்கிற அளவ நம்பி வெட்டக் கூடாது, நிஜப் பொருளை கல்லு மேல கவுத்துப் போட்டுதான் கோடு போடணும். சிம்னி குழாய் வெளிய போக சுவர்ல ஓட்டை எங்கனு டைல்ஸுக்கு முன்னாடியே தெரியணும். டைல்ஸ் பத்து சதவீதம் கூட வாங்குங்க, ஒரே பேட்ச் நம்பரானு பெட்டிய பாருங்க, மறுபடி போனா அதே கலர் கிடைக்காது. மிச்சம் விழுந்தத பரண்ல போட்டு வைங்க.

மேடை உயரம் மேஸ்திரி கையில விடாதீங்க. அவர் எல்லா வீட்டுக்கும் ஒரே உயரம்தான் போடுவாரு. யாரு அதிகம் சமைக்கிறாங்களோ அவங்கள நிக்க வெச்சு, முழங்கைய மடக்கி, அதுக்கு நாலஞ்சு இன்ச் கீழ கல்லோட மேல்மட்டம் வர்ற மாதிரி அளவெடுங்க. எங்க வீட்டுல இதுக்கு மூணு பேர் நின்னோம், என் வீட்டுக்காரரும் "நானும்தான் காபி போடறேன்"னு வந்து நின்னாரு.

பிளைவுட்ல சிங்க்குக்கு கீழ வர்ற பொட்டி 710 முத்திரை போட்ட பிடபிள்யூபி பிளையா (தண்ணி தாங்கற பிளைவுட்) இருக்கணும், ஐஎஸ்ஐ முத்திரையோட பலகை மேலயே அச்சடிச்சிருக்கும், வண்டில இருந்து இறக்கும்போதே பாருங்க, லேமினேட் ஒட்டின பிறகு உள்ள என்ன இருக்குன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

ஆளுங்களோட பழகறது

காசை தேதி வெச்சுக் குடுக்காதீங்க, வேலைய வெச்சுக் குடுங்க. இடிச்சு அள்ளினதும் இவ்வளவு, பைப்பு வயர் டெஸ்ட் முடிஞ்சதும் இவ்வளவு, டைல்ஸ் முடிஞ்சதும் இவ்வளவு, கடைசிப் பத்து சதவீதம் எல்லாம் முடிஞ்சு ரெண்டு வாரம் புழங்கின பிறகுதான்னு ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கோங்க. சனிக்கிழமை ஆளுங்களுக்கு சம்பளம் குடுக்கணும்னு காண்ட்ராக்டர் கேப்பாரு, அது நியாயம்தான், கொஞ்சம் குடுங்க, ஆனா நடந்த வேலைக்கு மேல காசு போயிடுச்சுன்னா அப்புறம் போன் எடுக்க மாட்டாரு. காலைல பத்து மணிக்கு "வந்துட்டே இருக்கேன்கா, பல்லாவரம் தாண்டிட்டேன்"னு சொல்ற ஆளு பதினொன்றரைக்கும் பல்லாவரத்துலயே இருப்பாரு, அப்ப கோவப்படாம "சரிண்ணா, லொகேஷன் மட்டும் அனுப்புங்க, டீ வாங்கி வெக்கிறேன்"னு சொல்லிப் பாருங்க.

டீ பத்தி சொல்லணும். பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ வேணும், நம்மகிட்ட கிச்சனே இல்ல. தெருமுனை டீக்கடைல ஒரு ஃபிளாஸ்க்கும் கணக்கும் வெச்சுடுங்க. குடிக்க ஒரு கேன் தண்ணி, கை கழுவ சோப்பு, ஆளுங்க போக எந்த பாத்ரூம்னு முதல் நாளே காமிச்சுடுங்க. சித்தாள் வேலைக்கு வர்ற அக்காங்க இருந்தா அவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், அவங்களா வாய் திறந்து கேக்க மாட்டாங்க.

பக்கத்து வீட்டுல முன்னாடியே சொல்லிடுங்க, எந்தெந்த நாள் சத்தம்னு. மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் இடிக்கிற பிரேக்கர் மெஷினை ஓட்டாதீங்க. ஃப்ளாட்டுனா அசோசியேஷன்ல என்ன நேரம் அனுமதி, லிஃப்ட்ல மணல் மூட்டை ஏத்தலாமான்னு கேட்டு வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கிக்கோங்க, கீழ் ஃப்ளாட்டு சீலிங்க வேலைக்கு முன்னாடியே ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, பழைய கறையும் நம்ம தலைலதான் விழும்.

ஒண்ணுமே நடக்காத வாரம்

பட்டி காயுது, மாடுலர் ஃபேக்டரில இருக்கு, வீட்டுல யாரும் வரல. இந்த வாரத்துலதான் நிஜமாவே பைத்தியம் பிடிக்கும். அந்த ஷீட்டு வாசல ஒரு நாள் அவுத்துட்டு வெறும் கிச்சனை நல்லா பெருக்கி, ஈரத்துணி போட்டு துடைச்சு, மேடை கல்லு மட்டும் போட்டாச்சுன்னா குடிதண்ணி கேனையும் காபி சாமானையும் அங்க கொண்டு போய் வெச்சுடுங்க. சிங்க் குழாய மாட்டிக் குடுக்கச் சொல்லி தொந்தரவு பண்ணுங்க, கப்போர்டு இல்லாட்டியும் பரவால்ல, தண்ணியும் கல்லும் இருந்தா பாதி கிச்சன் வந்த மாதிரிதான். கதவு போடாத அலமாரியில சாமான் ஏத்தாதீங்க, ஆசாரி வர்ற அன்னைக்கு மறுபடி இறக்கணும், ஃபெவிகால் வாடையும் மரத்தூளும் மிளகாய்த்தூள் டப்பா மூடி வரைக்கும் போகும்.

முடியற கட்டம்

கடைசி அஞ்சு சதவீத வேலைதான் ரொம்ப இழுக்கும், ஒரு கைப்பிடி, ஒரு ஸ்கர்ட்டிங் துண்டு, ஒரு சுவிட்ச் பிளேட்டு. அதுக்குன்னு தனியா யாரும் வர மாட்டாங்க. எல்லாத்தையும் ஒரே லிஸ்டா எழுதி, குறை இருக்கிற இடத்துல மாஸ்கிங் டேப் ஒட்டி நம்பர் போட்டு, ஒரே நாள்ல ஆசாரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர் மூணு பேரையும் வரச் சொல்லுங்க.

அன்னைக்கு நீங்க பாக்க வேண்டியது: சிங்க் நிறைய தண்ணிய நிரப்பி ஒரே வீச்சுல திறந்துவிட்டு கீழ டார்ச் அடிச்சு பாருங்க. மேடை மேல ஒரு செம்புத் தண்ணிய ஊத்துங்க, அது சிங்க் பக்கமா ஓடணும், சுவரு பக்கமா ஓடி தேங்கினா அங்க கல்லோட மட்டம் சரியில்ல. இடுக்க அடைக்க சிலிக்கான் பசை போட்ட இடத்துல 24 மணி நேரம் தண்ணி படக்கூடாது. எல்லா டிராயரையும் இழுத்து, எதிர்க் கதவையும் ஒரே நேரத்துல திறந்து முட்டுதான்னு பாருங்க. டைல்ஸ ஒரு ரூபா காயினால தட்டிக்கிட்டே போங்க, பொத்துன்னு சத்தம் வந்தா உள்ள கலவை நிரம்பல, மாத்தச் சொல்லுங்க. மிக்ஸியும் இண்டக்‌ஷனும் ஒண்ணா ஓட்டி எம்சிபி (லோடு கூடினா தானா கரண்ட்ட நிறுத்தற சுவிட்ச்) விழுதான்னு பாருங்க.

நல்ல நாள் பாத்து பால் காய்ச்சறத இந்த லிஸ்ட் முடியற வரைக்கும் தள்ளி வைங்க, பால் பொங்கின அடுத்த நிமிஷமே மீதிக் காசு கேட்டு காண்ட்ராக்டர் நிப்பாரு, அந்தப் பத்து சதவீதம் இன்னும் ரெண்டு வாரம் உங்ககிட்டயே இருக்கணும், பேப்பர்ல கையெழுத்து இருக்கில்ல, அதக் காட்டிட்டு கேசரியும் காபியும் குடுத்து அனுப்புங்க.